பீருக்கு உப்பிட்டவர்

"நல்லா இருக்கு" என்று சொல்லி அவரிடமிருந்து யாரும் தப்பித்ததில்லை. கான்டீன் சாம்பாரோ, யாரோ பிறந்தநாளுக்கு வெட்டிய கேக்கோ, என் மாமியார் போட்ட எலுமிச்சை ஊறுகாயோ, எதுவாக இருந்தாலும் சரி, அந்த வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

"நல்லா இருக்குதுன்னா? நாக்குல எங்க இருக்குது மேடம்? நுனியிலயா, ஓரத்துலயா, தொண்டைகிட்டயா?"

பசியோடு சாப்பிடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! முதல் தடவை கேட்டபோது, "வயித்துல இருக்குது சார்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாயை மூடியபடியே சிரித்தார். வாய் திறந்து சிரிக்க மாட்டார். மத்தூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். பல்லெல்லாம் பழுப்புக் கோடுகள். "எங்க ஊர்த் தண்ணி போட்ட கையெழுத்து மேடம், அழியாது" என்பார்.

ஓசூரில் ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருவரும் வேலை பார்த்தோம். நான் தரப் பரிசோதனை லேப். அவர் பாய்லர் தண்ணீரைக் கவனிக்கிற கெமிஸ்ட், அதுவும் ஒப்பந்தத்தில். பாய்லருக்குப் போகிற தண்ணீரில் கடினத்தன்மை இருந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து எல்லாம் பாழாகிவிடும். அதனால் தினமும் மூன்று வேளை தண்ணீரைப் பிடித்து, மருந்துத் துளி விட்டு, சிவப்பு நிறம் நீலமாகிறதா என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். உடனே நீலம் வந்தால் நல்ல தண்ணீர். அந்த நீலத்தைப் பார்த்துப் பார்த்தே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது.

அது பிழைப்பு. உயிர் இருந்தது வேறு இடத்தில். அவர் பீர் காய்ச்சுவார்.

எனக்கு இது தெரியவந்ததே ஒரு கூத்து. என் லேப்பில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பேலன்ஸ் உண்டு. மூச்சு விட்டால்கூட எண் மாறும். ஒருநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அவர் வந்து, சட்டைப் பையிலிருந்து மூன்று சின்னப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். மூன்றிலும் வெள்ளைப் பொடி. "கொஞ்சம் எடை போட்டுத் தர முடியுங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். போதைப் பொடியோ என்று தோன்றியது. ஓசூர் எல்லை ஊர், செய்தித்தாளில் என்னென்னவோ படிக்கிறோம். "சார், எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்குதுங்க" என்றேன். அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், சிரித்துச் சிரித்து.

பொடிகள் ஜிப்சம், கால்சியம் குளோரைடு, எப்சம் உப்பு. எல்லாம் உணவில் சேர்க்கிற தரத்தில் அவர் காசு போட்டு வாங்கியவை. தொழிற்சாலைப் பொருளைத் தொட மாட்டார். இருபது லிட்டர் தண்ணீருக்கு முதலாவது நாலு கிராம், இரண்டாவது மூன்று, மூன்றாவது ஒன்று. தராசில் கால்சியம் குளோரைடை வைத்துக் கதவைத் திறந்தே விட்டேனென்றால் பதறுவார். அது காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு எடை ஏறிக்கொண்டே போகும். "மூடுங்க மேடம், மூடுங்க, அது குடிக்குது!" என்று கத்துவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இந்த மனிதர் பீருக்கே உப்பிட்டவர், எப்படி மறப்பேன்?

அவர் கணக்கு இதுதான். பீரில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். பார்லியைப் பற்றியும் கசப்புக்குச் சேர்க்கிற ஹாப்ஸ் பூவைப் பற்றியும் ஊரே பேசுகிறது, தண்ணீரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதல் முதலில் அவர் வீட்டு போர்வெல் தண்ணீரில் காய்ச்சினாராம். வெளிர்நிற பீர், வாயில் வைக்க முடியாத துவர்ப்பு. பார்லியை மாற்றினார், பூவை மாற்றினார், பானையையே மாற்றினார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் அதே போர்வெல் தண்ணீரில் கருக வறுத்த பார்லியைப் போட்டுக் கறுப்பு பீர் செய்தபோது அது தேவாமிர்தமாக வந்ததாம். "தண்ணி கெட்டது இல்ல மேடம். அதுக்கு வெளுப்பு பிடிக்கல, கறுப்பு பிடிச்சிருக்குது. நான்தான் கேக்காம விட்டுட்டேன்" என்றார். அதன் பிறகு எல்லாம் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரை வாங்கி, அதில் தனக்கு வேண்டிய உப்புகளைத் தானே சேர்க்க ஆரம்பித்தார்.

நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். அதைவிட முக்கியம், என் அப்பா கிருஷ்ணகிரியில் குடித்தே போனவர். சாராய நாற்றம் என்றாலே எனக்கு எங்கள் வீட்டு வாசலில் அவர் செருப்பு இழுபடுகிற சத்தம்தான் கேட்கும். சர்ச்சில் கன்ஃபர்மேஷன் என்கிற திடப்படுத்தல் எடுத்தபோது, ஒரு சொட்டு தொட மாட்டேன் என்று ஆல்டர் முன்னால் மனசுக்குள் சத்தியம் செய்தவள் நான். ஆகவே ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

"எடை போட்டுத் தர்றேன் சார். தண்ணியை வேணா ருசி பாக்கறேன். நீங்க காய்ச்சற அந்தக் கருமத்தை என் மூஞ்சிக்கு நேரா கொண்டாராதீங்க."

"தண்ணியை ருசி பாத்தாலே போதுங்க. அதைப் பாக்கத்தான் ஆள் கிடைக்கல" என்றார்.

இப்படித்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என் மேசைமேல் மூன்று டம்ளர் வந்து உட்காரும். ஒரே தண்ணீர், மூன்று பொடி. ஜிப்சம் போட்டதைக் குடித்தால் நாக்கைத் துணியால் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். கால்சியம் குளோரைடு கஞ்சித் தெளிவுபோலக் கொஞ்சம் கனமாக இறங்கும். மூன்றாவதில் ஒரு மெல்லிய கசப்பு. அது பேதி உப்பு என்று தெரிந்ததும் நான் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். "ஒரு சிட்டிகைக்கு ஒண்ணும் ஆகாது மேடம், உக்காருங்க." அன்று முழுக்க எனக்கு வயிற்றில்தான் கவனம். ஒன்றும் ஆகவில்லை.

என் வீட்டில் பருப்பு வேகாத கதையையும் அவரிடம்தான் சொன்னேன். எட்டு விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு கிடக்கும். "பருப்பைத் திட்டாதீங்க, தண்ணியை மாத்துங்க" என்றார். கேன் தண்ணீரில் வைத்தேன், மூன்று விசிலில் குழைந்துவிட்டது. என் மாமியார் குக்கருக்கு கேஸ்கட் மாற்றியதால்தான் என்று இன்றுவரை நம்புகிறார். நானும் விட்டுவிட்டேன்.

வீட்டில் பீர் காய்ச்சத் தமிழ்நாட்டில் அனுமதி கிடையாது, சட்டம் சும்மா விடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில், அத்திப்பள்ளி தாண்டி அவர் மைத்துனர் வீட்டுப் பின்புறம் ஒரு ஷெட் இருந்தது. அங்கேதான். அந்தப் பக்கம் மட்டும் சட்டம் மாலை போட்டு வரவேற்கிறதா என்று கேட்டால், "விக்கறதில்ல மேடம், நமக்கு மட்டும்தான்" என்பார். அது போதுமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் தண்ணீர் மட்டும் இந்தப் பக்கத்துத் தண்ணீர். அவர் குடியிருந்தது ஜூஜுவாடியில். அங்கே ஒரு கேன் தண்ணீர்க் கடைக்காரரின் ஆர்.ஓ.வைத்தான் அவர் நாக்கு ஏற்றுக்கொண்டது. எனவே அங்கே கேன் வாங்கி, உப்பு கலக்கி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டுவார்.

ஒருநாள் செக்போஸ்டில் பிடித்துவிட்டார்கள். காவிரிக்காக இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்த சமயம். கேனில் என்ன என்று கன்னடத்தில் கேட்டார் போலீஸ்காரர். "நீரு சார்" என்றிருக்கிறார் இவர். தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற முதல் ஆளைப் பார்த்த அந்த மனிதருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? கூட இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தும் பார்த்தாராம். நம்மாள் அதோடு வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுக்க வேண்டாமா? "ஹேகிதே சார்?" என்று கேட்டிருக்கிறார், எப்படி இருக்கிறது என்று! தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது என்று அவர் சொல்ல, இவர் விடவில்லை. நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் வறண்ட மாதிரி இல்லையா என்று நடுரோட்டில் விசாரணை. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, போலீஸ்காரர் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார்.

இவ்வளவு செய்கிறவர் எவ்வளவு குடிப்பார் என்று நினைக்கிறீர்கள்? அரை டம்ளர். அதையும் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு ஏதோ பரீட்சைத் தாள் திருத்துவதுபோலக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார் என்று அவர் மனைவி சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். மீதியெல்லாம் மைத்துனருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும்.

எங்களுக்குள் ஒரே ஒரு முறை சண்டை வந்தது. நான்தான் ஆரம்பித்தேன். "என்ன உப்பு போட்டா என்ன சார், எரியற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? எங்கப்பாவும் இதைத்தான் குடிச்சாரு." அவர் பொட்டலத்தை மடித்து வைத்தார். பிறகு, "உங்க அப்பாவுக்கு அது என்ன ருசின்னு தெரிஞ்சிருக்குமா மேடம்?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுந்து போய்விட்டேன். ஒரு வாரம் பேசவில்லை, பொட்டலங்களையும் எடை போடவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பார். பார்த்திருக்கிறேன். குடித்ததும் முகம் கோணும். அந்த ருசி அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்று நாற்பது வயதில்தான் எனக்கு உறைத்தது. அன்று வீட்டுக்குப் போய் அழுதேன்.

பிறகு கொரோனா வந்தது. இரண்டாவது அலையில் அவரும் படுத்தார். பதினைந்து நாளில் எழுந்து வேலைக்கும் வந்துவிட்டார். கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

ஒரு மதியம் கான்டீனில் ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டார்கள். ஆளாளுக்குத் தட்டைத் தள்ளிவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன சார், ரசம் எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்குது" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையா! அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுற்றி இருந்த தட்டுகளைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். உப்பு, புளி, காரம், ஒண்ணும் தெரியல. வாசனையும் இல்ல. சாக்பீஸைத் தின்னா மாதிரி இருக்குது" என்றார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் திரும்பியது. அவருக்குத் திரும்பவில்லை.

கஷ்டம் தனியாக வருமா? அந்த வருஷமே பாய்லர் தண்ணீர் வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. மாதக் கடைசியோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது. நாற்பத்தேழு வயதில் ஓசூரில் எந்தத் தொழிற்சாலை புது ஆளாக எடுக்கும்? மைத்துனர்தான் ஒரு வழி காட்டினார். பெங்களூரில் அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற ஓர் உணவகம், அனுமதியெல்லாம் வாங்கியது. அதன் முதலாளிக்குத் தண்ணீர் தெரிந்த ஆள் வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளிக்கு வந்து இவர் பீரைக் குடித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டார். இவர் வாழ்நாளில் கேட்டிராத வேலை. அதற்கு வேண்டிய நாக்குதான் இல்லை.

"கணக்கு இருக்குது மேடம். நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கறேன். போன வருஷம் நல்லா வந்த அதே அளவு. தண்ணியை மட்டும் நீங்க ஒரு வாய் பாத்துட்டீங்கன்னா போதும்" என்றார்.

பார்த்தேன். அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த முதலாளிக்கான பீருக்கு வாங்கிய கேனிலிருந்து, உப்பு கலக்கும் முன்பே, ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். கடினத்தன்மை சோதனை ஏற்கெனவே செய்துவிட்டிருந்தார். ஒரே துளியில் நீலம். பாய்லர்காரருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எது? தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை அவர் மதித்ததில்லை. "அது எவ்வளவுன்னு சொல்லும், எதுன்னு சொல்லாது" என்பார். அந்த எதுவைச் சொல்வதற்குத்தான் அவருக்கு நாக்கு இருந்தது. இப்போது என் நாக்கு. கம்பெனி பஸ் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தோளில் பையை மாட்டிக்கொண்டே ஒரு வாய் குடித்தேன். ஏதோ வழவழவென்று இருந்தது. சோப்பு சரியாகப் போகாத டம்ளரில் குடித்த மாதிரி. பாட்டில் சரியாகக் கழுவியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

எங்கே என்று கேட்பார் என்று படி இறங்கும்வரை எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அவர் மனைவி என் வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்களும் வாங்க மேடம். அவருக்கு ருசி தெரியலங்கறது அந்த முதலாளிக்குத் தெரியக் கூடாது. நீங்க லேப்ல இருக்கறவங்க, பக்கத்துல உக்காந்து நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா அவருக்கு மரியாதை." என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது. என் வீட்டுக்காரர், "போயிட்டு வா, சர்ச்சுல மட்டும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றார்.

ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் மேசை, நான்கு நாற்காலி. முதலாளி இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். பீர் பொன் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. முதலாளி ஒரு மடக்குக் குடித்தார், தலையை ஆட்டினார். "நைஸ் சார். நல்லா இருக்கு. ஒண்ணாந்தேதில இருந்து வந்துடுங்களேன்."

அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் ஸ்தோத்திரம் என்று வாய்வரை வந்துவிட்டது.

ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் வைத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் கண்ணை மூடினார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை என்பது எனக்கு அந்த முகத்திலேயே தெரிந்தது. கண்ணைத் திறந்து, காது கேட்காதவர் அடுத்தவர் உதட்டைப் பார்ப்பதுபோல முதலாளியின் வாயைப் பார்த்தார். "எப்படி நல்லா இருக்குது சார்? முன்னாடி என்ன வருது, பின்னாடி என்ன வருது?" என்று கேட்டார். முதலாளி சிரித்தார். "பீர் சார், பீர் மாதிரி இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. அவர் டம்ளரை எடுத்துவிட்டேன். "வேணாம் மேடம், நீங்க வேணாம்" என்று அவர் பதறினார். குடித்தேன். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள், அந்தப் பக்கம் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. விழுங்கினேன். விழுங்கியதும் அந்த வழவழப்பு. பஸ்ஸுக்கு ஓடிய அன்றைக்கு வாயில் பட்ட அதே வழவழப்பு.

மேசைக்கு அடியில் அவர் மனைவியின் கால் என் காலை அழுத்தியது. ஒரு வார்த்தை. அவர் வேலை, அவர் குடும்பம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. பொய் சொன்னால் என் தப்பும் சேர்ந்து மூடிப்போகும். ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்காக அல்ல. தன் கையால் செய்ததன் ருசி தெரியாமல் ஐந்து மாதமாகத் தவித்த மனிதர் அவர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"முதல்ல ஒரு வழவழப்பு சார், நாக்கு மேல சோப்புத் தண்ணி மாதிரி" என்றேன். "இனிப்பு வர வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல, மழுங்கலா இருக்குது. அப்புறம் ரெண்டு ஓரத்துலயும் துவர்ப்பு, கடுக்காயைக் கடிச்சா வருமே, அது. கசப்பு தொண்டைகிட்ட போய் உக்காந்துக்குது. எழுந்திருக்க மாட்டேங்குது."

அவர் என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். "இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா." நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். வழவழப்பு என்றபோது தலையசைத்தார். துவர்ப்பு என்றபோது கன்னம் உள்ளே இழுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. "சாஃப்ட்னர் தண்ணி" என்றார். "கடைக்காரன் ஆர்.ஓ. ரிப்பேர்னு சாஃப்ட்னர்ல விட்டுக் குடுத்துருக்கறான். அதுல சுண்ணாம்பு இருக்காது, அதான் நீலம் வந்துருக்குது. சுண்ணாம்புக்குப் பதிலா சோடியம் உக்காந்துருக்கும். பாய்லருக்கு அது போதும். பீருக்கு ஆகாது." பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். வாய் நிறையச் சிரித்தார், பழுப்புப் பல்லெல்லாம் தெரிய. "சார், எனக்கு அஞ்சு மாசமா ருசி தெரியாது. இந்த பீர் தப்பு. ஆனா இன்னிக்குத்தான் சார் நான் குடிச்ச மாதிரி இருக்குது."

முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். அப்புறம் கூப்பிடவே இல்லை.

பஸ் ஏறும் இடம்வரை அவர் கூடவே வந்தார். அன்றைக்கு நான் அவசரத்தில் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். "தெரியும் மேடம்" என்றார். "தெரியுமா?" "ருசி பாத்துருந்தா நீங்க ஏதாவது திட்டியிருப்பீங்க. நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டீங்க. எனக்கு நம்பணும்போல இருந்துது, நம்பிட்டேன்." இதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவர் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போன் செய்தால் எடுக்கவில்லை. நியாயம்தானே, வீட்டுக்குள் வந்த சோற்றை நான் தட்டிவிட்டேன். மாதம் முடிந்து அவர் கணக்கு முடித்துப் போனார். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை கிடைத்தது பல மாதங்கள் கழித்துத்தான். அந்த இடைப்பட்ட நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று ஜூஜுவாடிக்குக் கிளம்பினேன்.

கதவு திறந்திருந்தது. அவர் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் மனைவி. வீட்டில் அவர்கள் தெலுங்குதான் பேசுவார்கள். ஓசூரில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது புரியாமல் போகுமா? அந்த அம்மா ஒரு கவளம் ரசஞ்சோற்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மென்று, தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தார். புளி முதலில் வருகிறது, வந்ததும் போய்விடுகிறது. மிளகு உடனே இல்லை, விழுங்கினபிறகு. பூண்டு, இல்லை இல்லை, பூண்டுக்கு முன்னால் பெருங்காயம். தடுமாறி, திரும்ப ஆரம்பித்தார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் இவர் தன் கவளத்தை எடுத்தார்.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மா பேச்சை நிறுத்தினார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். சோறு போட்டுக் கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றினார்.

"எனக்கு ரசம் வரைக்கும்தான் சொல்ல வருது" என்றார் தமிழில். "கத்திரிக்காயை நீங்க சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் உட்கார்ந்து, ஒரு வாய் போட்டு, மென்று, அவசரப்படாமல் சொல்ல ஆரம்பித்தேன்.